பகலில் கொடுக்க முடியாத பால்

1. கால் பிரஸ்

பிலோமினாவின் விரல்கள் தப்பியதற்குக் காரணம், பக்கத்து மிஷின்காரி அவள் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்ததுதான். டப்பா மூடி அடிக்கும் கால் பிரஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். கை, தகரத்தை வெட்டும் டை அச்சின் மேல் இருந்தது. கால் பெடலை அழுத்திக்கொண்டிருந்தது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். திருவொற்றியூரில் தகர டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் நான் நர்ஸ். பெண்கள் அதிகமாக வேலை செய்யும் ஆலையில் கைக்குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று சட்டம் வந்திருந்ததால் கம்பெனி அந்த அறையைத் திறந்து, என்னை வேலைக்கு எடுத்தது. தொழிலாளிகள் அதைத் தொட்டில் ரூம் என்பார்கள்.

பிலோமினாவை என்னிடம் அழைத்து வந்தவர் போர்மேன் கோதண்டம்.

"இன்னாம்மா நர்சு, இவ ராவெல்லாம் புள்ளைக்குப் பால் குட்த்துகினு இங்க வந்து தூங்குறா. கை பூட்ச்சின்னா யாரு பதில் சொல்றது? ராப்பாலை நிறுத்தச் சொல்லு."

பிலோமினா ராயபுரத்துப் பெண். புருஷன் அந்தோணி துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். மகன் சூசைக்கு ஒன்பது மாதம். போர்மேன் போனதும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இன்னா பண்றது நர்சம்மா? பகலெல்லாம் இங்க கஞ்சியக் குட்ச்சிகினு கெடக்குது. வூட்டுக்குப் போனா மாரை வுட மாட்டேங்குது. வாயை எட்த்தா அயுவுது."

அவள் சொன்னது நான் தினமும் பார்த்ததுதான். சாப்பாட்டு மணி அடித்தால்தான் தாய்மார்களை வெளியே விடுவார்கள். கையில் இருக்கும் மிஷின் கிரீஸை மண்ணும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு ஓடி வருவதற்குள் பாதி நேரம் போய்விடும். பிள்ளை வாய் வைத்துக் கொஞ்ச நேரத்தில் அடுத்த மணி. காலையிலும் மாலையிலும் மாரில் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, அப்படியே மிஷினில் உட்கார்ந்திருப்பார்கள்.

2. டாக்டர் சொன்ன முறை

கம்பெனி டாக்டர் நல்ல மனிதர். பிலோமினாவைக் கடிந்துகொள்ளாமல், பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்.

"ஒரேயடியா நிறுத்தாதேம்மா. ஒரு வேளையா குறை. தூங்கறதுக்கு முன்னால வயிறு நிறையக் கொடு. நடுவுல முழிச்சா உடனே மாரில போடாதே. தட்டிக் கொடு. அப்பாவைத் தூக்கிக்கச் சொல்லு. ரொம்ப அழுதா மட்டும் கொஞ்சம் கொடு. ஒன்பது மாசப் பிள்ளை பழகிக்கும். ஆனா பகல்ல நல்லா பால் குடிக்கணும், கஞ்சியும் சாப்பிடணும். அது முக்கியம்."

பிலோமினா என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். பகலில் அவள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்கும் தெரியும். எழுந்து கை கழுவப் போனார்.

அவள் சொன்னபடியே செய்தாள். அந்தோணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். அடுத்த வாரம் அவனே வந்து என்னிடம் நின்றான்.

"தூக்கிகினு நடக்கறதுக்கு நான் ரெடி நர்சம்மா. ஆனா அதுக்குப் பசி. எங்கிட்ட பாலா கீது? பக்கத்து வூட்டுக்காரன் கதவைத் தட்டிப் பேஜாரு பண்றான். வெடியறதுக்குள்ள ஹார்பர் கேட்ல போய் நிக்கலன்னா எனக்கு அன்னிக்கு வேலை கெடையாது."

சூசையின் கன்னம் வற்றிக்கொண்டு வந்தது. பிலோமினாவுக்குப் பாலும் குறைந்தது. தூக்கம் மட்டும் கூடவில்லை.

3. நான் சொன்ன பொய்

மேனேஜரிடம் போய், காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் தாய்மார்களைப் பால் கொடுக்க விடுங்கள் என்று கேட்டேன்.

"சட்டப்படி ரூம் கொடுத்தாச்சு. மிஷினை நிறுத்தணும்னு எந்தச் சட்டம் சொல்றது?" என்றார். சட்டம் பால் கொடுக்கும் நேரத்தையும் சொல்லியிருந்தது. அதை எடுத்துக் காட்டினேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று வேறு காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். காலையில் தொட்டில் ரூம் ஆயாவைப் பிரஸ்ஸுக்கு அனுப்பி, "சூசைக்கு வயித்தால போவுது, அம்மாவை நர்சு கூப்பிடுது" என்று சொல்ல வைத்தேன். சாயங்காலம் வாந்தி என்று சொல்ல வைத்தேன். பிலோமினா வந்து, வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டுப் போவாள். கோதண்டம் முறைத்தார். வியாதி என்றதால் தடுக்கவில்லை.

டாக்டர் சொன்ன முறை அப்போதுதான் வேலை செய்தது. பகலில் குடித்த பிள்ளை இரவில் தட்டிக் கொடுத்தால் தூங்கியது. ஒவ்வொரு வேளையாகக் குறைந்து, விடியற்காலை ஒரு தடவை மட்டும் என்று ஆனது. பிலோமினாவின் முகத்தில் களை வந்தது. பிரஸ்ஸில் அவளைப் பற்றிப் புகாரே இல்லை.

அந்தத் தைரியத்தில் மறுபடியும் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். எல்லாத் தாய்மார்களுக்கும் இப்படி நேரம் விட்டால் யாரும் தூங்கி விழமாட்டார்கள், வேலையும் நன்றாக நடக்கும் என்றேன். இந்தத் தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "நல்ல விஷயம் சொன்னே, யோசிக்கிறேன்" என்றார். சந்தோஷமாகத் திரும்பினேன்.

4. அவர் யோசித்தது

கொஞ்ச நாளில் புது உத்தரவு வந்தது. இனிமேல் கல்யாணம் ஆகாத பெண்களை மட்டும்தான் வேலைக்கு எடுப்பது. கைக்குழந்தைக்காரிகளை ஆர்டர் குறைவு என்று சொல்லி ஒவ்வொருவராக நிறுத்துவது. பிலோமினாவின் பெயர் முதலில் வந்தது. நிறுத்தியவர்களுக்குப் பதிலாக ஆள் எடுக்காததால் பெண்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் அறை வைக்க வேண்டிய அவசியமும் சட்டப்படி போய்விட்டது. தொட்டில்களைக் கழற்றிவிட்டுத் தகர ஷீட்டை அடுக்கினார்கள். எனக்கும் கணக்குத் தீர்த்தார்கள்.

சில மாதம் கழித்துக் காசிமேட்டில் பிலோமினாவைப் பார்த்தேன். தலையில் மீன் கூடை. சூசை எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"கீறான். நடக்கிறான்."

"ராத்திரி பால் கேக்கறானா?"

"கேட்டா எங்க இருந்து குடுக்கறது? இருட்டோட கூடையத் தூக்கிகினு வந்துடறேன். வெயில் ஏறினப்புறந்தான் வூடு. மாரு காஞ்சி பூட்ச்சு." கூடையைச் சரி செய்துகொண்டாள். "நீ நல்லதுக்குத்தான் சொன்னே நர்சம்மா. அந்த மேனேஜருகிட்டப் போய் ஏன் சொன்னே?"

பதிலுக்குக் காத்திருக்காமல் நடக்கத் தொடங்கினாள். கூடையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வியாபாரத்துக்கு நேரமாகிவிட்டது.

நர்ஸ் வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். இரவுப் பாலைக் குறைக்கும் முறையை எந்தத் தாய்க்கும் சொல்வதற்கு முன்னால், பகலில் அவள் எங்கே இருக்கிறாள், பால் கொடுக்க அவளை விடுகிறார்களா என்று கேளுங்கள். விடாத இடமாக இருந்தால் முறையைச் சொல்லி அவளை வாட்டாதீர்கள். அவளுக்காக முதலாளியிடம் பேசப் போனால் தனியாகப் போகாதீர்கள். அங்கே வேலை செய்யும் எல்லாப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் தனியாகப் போனேன். நியாயத்தை எடுத்துச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன்.