சங்கிலிக்கு ஒளிகிறவன்

எதிர்வீட்டு டெய்லரக்காவுக்கு எதற்கெடுத்தாலும் பயப்படுவதுதான் முழுநேர வேலை. தையலெல்லாம் மிச்ச நேரத்தில். இடி இடித்தால் மெஷினை நிறுத்திவிடுவாள். நான் சும்மா "அக்கா" என்று கூப்பிட்டாலே "என்ன ஆச்சு?" என்பாள்.

அவள் வளர்த்தது இரண்டு கறுப்பு நாய்கள். ஒரே ஈற்றுக் குட்டிகள், அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். சங்கிலியை எடுத்தால் ஓடிவருகிறவன் பெரியவன். மெஷினுக்கு அடியில் ஒளிகிறவன் சின்னவன். பஸ் ஓட்டும் அவள் வீட்டுக்காரருக்கு இரண்டுமே "டேய் கறுப்பா"தான்.

தடுப்பூசி நாளன்று இரண்டையும் சேர்த்து இழுத்துப்போக அக்காவின் கைக்குப் பலம் போதவில்லை. காலையில் பெரியவனுக்குப் போட்டுவந்தாள். அவன் கழுத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டிவிட்டு, "ரிப்பன் இல்லாதவனைக் கூட்டிட்டுப் போங்க" என்று வீட்டுக்காரருக்கு உத்தரவு போட்டுவிட்டு, தைத்த துணியைக் கொடுக்கப் போய்விட்டாள். அவர் டியூட்டி முடிந்து வந்தபோது ரிப்பன் தரையில் கந்தலாகக் கிடந்தது. மனுஷன் யோசிக்கவே இல்லை. சங்கிலியை எடுத்தார், வாலாட்டிக்கொண்டு வந்தவனைக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரியிலும் அன்று ஏகக் கூட்டம். யார் பார்த்தார்கள்?

மழை விட்ட ஒரு சாயங்காலம், வாயில் நுரை வழிய ஒரு நாய் எங்கள் தெருவுக்குள் வந்தது. கேட்டுக்கு அடியில் தலையை நீட்டியிருந்த சின்னவனின் காதைக் கிழித்துவிட்டு ஓடியது. நான் போனபோது அக்கா அவனைக் குழாயடியில் பிடித்து, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் அவள் விரல்களை நக்கிக்கொண்டிருந்தான்.

"ஊசி போட்டாச்சு, ஒண்ணும் ஆகாது. அன்னிக்கு இவன் ரொம்பப் படுத்தினானாங்க?" என்று பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"எங்க படுத்தினான்? சங்கிலிய எடுத்ததுமே குதிச்சுக்கிட்டு வந்தான்."

அக்காவின் கை நின்றுவிட்டது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இவன் வர மாட்டானே," என்றாள். "ஐயோ, பெரியவனுக்கே ரெண்டு தடவை போட்டீங்களா?"

நாய் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "இப்பவே ஊசிய ஆரம்பிக்கலாம். ஆனா பல மாசம் தனியா பூட்டி வைக்கணும். சுபாவம் மாறுச்சுன்னா கதவத் திறக்காம எனக்குச் சொல்லுங்க. வெறிநோய் வந்துட்டா காப்பாத்த முடியாதும்மா."

அக்காவின் விரலெல்லாம் தையல் ஊசி குத்திய காயம். அதைத்தான் அவன் நக்கியிருந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கும் ஊசி போட்டார்கள். பொழுதெல்லாம் ஊசியோடு பிழைப்பவள், அந்த ஊசிக்கு மயங்கி விழுந்தாள்.

சின்னவனைக் கம்பிக் கதவு போட்ட சாமான் அறையில் வைத்தார்கள். தினமும் விடிந்ததும் அக்கா கதவுக்கு வெளியே நின்று சங்கிலியை ஆட்டிக் காட்டுவாள். அவன் பெட்டிக்குப் பின்னால் போய்ப் பதுங்குவான். "ஒளிஞ்சுட்டான்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் காபி இறங்கும்.

ஒருநாள் சத்தம் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். சின்னவன் கம்பியில் மூக்கை வைத்து, சங்கிலியைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"வர்றான்," என்றாள். "சுபாவம் மாறிடுச்சு."

நான் டாக்டருக்குப் போன் போட்டேன். டாக்டர் வந்து, கம்பிக்கு வெளியிலிருந்தே தண்ணீரைத் தள்ளிவிட்டார். குடித்தான். சோற்றைத் தள்ளினார். தின்றான்.

"தனியா இருந்து ஏங்கிப்போய்க்கூட வரலாம். ஆனா இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது. பார்க்கணும்."

அக்கா மெஷினை அந்தக் கதவுக்கு எதிரிலேயே இழுத்துப் போட்டுக்கொண்டாள். தைப்பாள், நிறுத்துவாள், பார்ப்பாள். அவன் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டால்தான் அடுத்த தையல். கெடு முடியும்வரை அப்படியே போனது. அவனுக்கு ஒன்றும் வரவில்லை. தனிமைதான் அவனைச் சங்கிலிக்குப் பழக்கியிருந்தது.

அடுத்த தடுப்பூசிக்கு அக்கா இரண்டையும் ஒன்றாகவே கூட்டிப்போனாள். இரண்டும் போட்டி போட்டு இழுக்க, வீட்டுக்காரர் கைகொடுக்கப் போனார். அவள் சங்கிலியை விடவில்லை. ஆஸ்பத்திரி மேஜைக்கு முன்னால் நின்றபோதும் அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"காது கிழிஞ்சவனுக்கு முதல்ல போடுங்க, டாக்டர்," என்றாள். "நான் பார்க்கணும்."