காது இல்லாத துணி

அமராவதி அணையில் தண்ணீர் திறந்தால்தான் எங்களுக்கு ஆறு. மூடிவிட்டால் பாறையும் மணலும்தான். அதனால் திறக்கிறார்கள் என்று காதில் விழுந்ததுமே கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, கயாக் என்கிற ஒற்றை ஆள் துடுப்புப் படகைக் கார்மேல் கட்டிக்கொண்டு தாராபுரம் ரோட்டில் கிளம்பிவிடுவேன். கயாக் ஓட்டுவது கேரளத்தில் ஒரு முகாமுக்குப் போய்க் கற்றுக்கொண்டது. நாற்பது வயதுப் பொம்பளைக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

என் வீட்டுக்காரர் அப்படிக் கேட்டதில்லை. அவர் பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். நீச்சல் தெரியாது, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கமாட்டார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கூடவே வந்து கரையில் உட்கார்ந்திருப்பார்.

கயாக்கில் நாம் உட்காரும் துளைக்குள் தண்ணீர் புகாமலிருக்க, இடுப்பைச் சுற்றி ஒரு துணி மாட்டவேண்டும். அதன் ஓரமெல்லாம் எலாஸ்டிக். படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முன்பக்கம் காது மாதிரி ஒரு நாடா தொங்கும். கவிழ்ந்தால் அதைப் பிடித்து இழுக்கவேண்டும். துணி கழன்று ஆள் வெளியே வந்துவிடலாம். போன வருஷம் என் துணி நைந்துபோக, அவரே அளவு பார்த்துப் புதிதாகத் தைத்துக் கொடுத்தார். தையல் அவ்வளவு சுத்தம். முதல் தடவை அதைப் பாறையோரம் நின்று, சரியாகப் பார்க்காமல் அவசரமாக மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

இரண்டு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் இரைச்சலோடு இறங்கும் இடத்தில் படகு மோதிக் கவிழ்ந்தது. தலைகீழாகத் தொங்கினேன். அது பழகியதுதான். கை முன்னால் போய்க் காதைத் தேடியது. இல்லை. வலப்பக்கம் தடவினேன், இடப்பக்கம் தடவினேன். வழவழவென்று தையல்தான் இருந்தது. அப்போதுதான் பயந்தேன். தொலைந்தோம் என்றே நினைத்தேன். இடுப்போரம் துணியைக் கொத்தாகப் பிடித்து, முட்டியால் உந்தி, எப்படியோ உருவிக்கொண்டு வெளியே வந்தேன்.

மூச்சு வந்தது, கூடவே கோபமும் வந்தது. கரையேறுமுன்பே கத்தினேன். "காது எங்கீங்க?"

"எந்தக் காது புள்ள?"

"முன்னால தொங்குமே, அந்த நாடா."

"அது ஆணியில மாட்டிக் காயப்போடறதுக்குன்னு நெனச்சேன். நம்ம சட்டையில வெப்பமே, அந்த மாதிரி. தொங்கினா அசிங்கமா இருக்குதுன்னு உட்டுட்டேன்."

"அதப் புடிச்சு இழுத்தாத்தானுங்க நான் வெளிய வரமுடியும்."

அவர் முகம் வெளுத்துப்போனது. அவிநாசிபாளையம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் சிவப்பு நாடாவில் காது வைத்துத் தைத்து எடுத்துக்கொண்டு, வா என்று அவரே கிளம்பினார். பாறைகளுக்குக் கீழே தண்ணீர் அசையாமல் நிற்கிற இடத்தில் சட்டையைக் கழற்றினார்.

"என்னைய உள்ள உக்கார வெச்சுக் கவுத்து."

"நீச்சலே தெரியாதே உங்களுக்கு."

"நாந்தான தெச்சேன். நாந்தான் பாக்கோணும்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு, உட்காரவைத்துத் துணியை மாட்டினேன். மார்பளவுத் தண்ணீரில் பக்கத்தில் நின்று படகைப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து சிவப்புக் காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கவுத்து புள்ள."

என் கை வரவில்லை. சத்தியமாக முடியவில்லை. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தானே ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டார்.

படகின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. நான் பாய்ந்து கையை நீட்டுவதற்குள் அவரே இருமிக்கொண்டு மேலே வந்தார். அப்படியே அள்ளிக் கட்டிக்கொண்டேன்.

"கழண்டுருச்சு புள்ள," என்றார். "இனி நீ போ."