ரோப்வே ஓடாத ஞாயிறு

மழை விட்டு மலையெல்லாம் பச்சையாகிவிட்டால் பம்பாய்க்காரர்களுக்குக் கால் தரையில் நிற்காது. ஏதாவது ஒரு மலை, ஏதாவது ஒரு பாயிண்ட், மேகத்துக்கு நடுவில் நின்று ஒரு செல்ஃபி. மாட்டுங்காவில் நான் வேலை பார்க்கும் ஆபீஸிலும் வருஷா வருஷம் கிளம்புகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். இப்போது தாராளமாக ஏறலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இருந்தாலும் நான் போவதில்லை. ஒரே ஒரு தடவைதான் மலை பார்க்கப் போயிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் நான் மலையைப் பார்க்கப் போகவில்லை. என்னைப் பார்ப்பதற்காக மற்றவர்கள் போனார்கள். பெண் பார்க்கிற சடங்கு அது.

தாராவியில் எங்கள் சந்தில் பெண் பார்ப்பதை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பூவும் ஸ்வீட் டப்பாவுமாக நாலு பேர் சந்துக்குள் நுழைந்தால், அவர்கள் எங்கள் கதவுக்கு வருவதற்குள் விஷயம் கடைசி வீடு வரை போய்விடும். அமைந்தால் சரி. அமையாவிட்டால் அந்தப் பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம் என்ற பேச்சு, அவள் கிழவியாகும்வரை அந்தச் சந்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் எல்லாம் வெளியில்தான். மாட்டுங்கா கோயில், செம்பூரில் ஏதாவது ஒரு ஹோட்டல், கொஞ்சம் வசதி இருந்தால் ஒருநாள் பிக்னிக். யாராவது கேட்டால் சும்மா சுற்றிப் பார்க்கப் போனோம் என்று சொல்லிவிடலாம்.

எங்கள் வீட்டுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்களுடையது கீழே ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை, அதற்கு மேலே தகரம் போட்ட ஒரு மாலா, பரண் மாதிரி ஒரு மாடி. கீழே அடுப்பும் தண்ணீர் டிரம்மும் அடைத்துக்கொண்டிருக்கும். விருந்தாளி வந்தால் மேலேதான் உட்கார வைக்க வேண்டும். மேலே போக இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. பெண் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த ஏணியில் ஏறி வர வேண்டும். தட்டே இல்லாமல் ஏறினாலும் மேலே போன பிறகு என்னால் பேச முடியாது. வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு சுவரைப் பிடித்து நிற்பேன்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல். மூட்டெல்லாம் வீங்கி, பிறகு வடிந்துவிட்டது. ஆனால் அது நெஞ்சுக்குள் போய் வால்வைச் சுருக்கிவிட்டுத்தான் போயிருந்தது. வளர்ந்த பிறகுதான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் காகிதத்தில் இருதயத்தை வரைந்து, நிதானமாக இந்தியில் அம்மாவுக்கு விளக்கினார். முதலில் வால்வை விரிக்க வேண்டும். கல்யாணம், குழந்தை எல்லாம் அதற்குப் பிறகு. இப்படியே கர்ப்பமானால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அம்மாவுக்கு இந்தி நன்றாகவே தெரியும். தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, நெஞ்சைக் கிழித்துத் தைத்த பெண்ணை எவன் கட்டுவான் என்றாள். கிழிக்க மாட்டார்கள், தொடை வழியாகக் குழாய் விட்டுச் செய்வார்கள் என்று சொன்னேன். அது அதைவிட அசிங்கம் என்றாள். கல்யாணம் முடியட்டும், கட்டினவன் பார்த்துக்கொள்வான் என்பதுதான் அவள் முடிவு. அப்பா போன பிறகு மாட்டுங்காவில் இரண்டு வீட்டில் சமையல் செய்து என்னைப் படிக்க வைத்தவள். அவளோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. தெம்பு என்றால் நிஜமான தெம்பைச் சொல்கிறேன். சத்தம் போட்டுப் பேசினாலே எனக்கு இளைக்கும்.

அப்போதுதான் சீத்தா கேம்பிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு டிராம்பே பக்கம் காண்ட்ராக்டில் வெல்டிங் வேலை. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள்தான். பெண்ணை எங்கே பார்ப்பது என்ற பேச்சு வந்ததும் கோட்டை மலைக்குப் போகலாம் என்று அவர்களே சொன்னார்கள். பன்வேலைத் தாண்டி வெகுதூரம் போக வேண்டும், ஆனால் பம்பாயில் அந்த மலையைத் தெரியாதவர்கள் கிடையாது. உச்சியில் பழைய கோட்டை, அதன் ஓரத்தில் பள்ளத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை. ராஜா காலத்தில் குற்றவாளிகளை அதிலிருந்துதான் தள்ளிவிடுவார்களாம். இப்போது கம்பி கட்டி வைத்திருக்கிறார்கள், ஜனங்கள் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

அம்மா போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மதினி, அங்க ரோப்வே இருக்குல்லா?"

இருக்கிறது என்றார்கள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஏணியும் இல்லை, படியும் இல்லை. பெட்டிக்குள் உட்கார்ந்தால் மேலே கொண்டுபோய் விடும், திரும்ப உட்கார்ந்தால் கீழே கொண்டுவந்து விடும். சாமி பார்த்துக் காட்டின இடம் என்று சொல்லி அன்றைக்கே விளக்கேற்றினாள்.

கிளம்புகிற அன்று காலையில் அம்மா ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்து நீட்டினாள். நான் ஆபீஸுக்கு லேசாகப் பவுடர் போட்டாலே யாரை மயக்கப் போகிறாய் என்று கேட்கிறவள் அவள். கோவண்டி மார்க்கெட்டுக்குப் போய் அவளே வாங்கியிருக்கிறாள், கருஞ்சிவப்பு நிறம். மூச்சு வாங்கினால் என் உதடு நீலம் பாரிக்கும். அதை மறைக்கத்தான். மோவாயைப் பிடித்துக்கொண்டு அவளே பூசிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். நாடகத்துக்கு வேஷம் கட்டினவள் போல இருந்தேன். நன்றாக இருக்கிறது என்றாள் அம்மா.

வேனை மாப்பிள்ளையின் தாய்மாமா ஓட்டினார். மாப்பிள்ளை முன் சீட்டில் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே வந்தார். பின்னால் நான், அம்மா, மாப்பிள்ளையின் அம்மா. கூட ஒரு சின்னப் பெண்ணும் வந்தாள், மாப்பிள்ளையுடைய அண்ணன் மகள். நாலு வயது இருக்கலாம். ஏறின உடனே கூச்சமே இல்லாமல் என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். என் வளையலைச் சுற்றிச் சுற்றி விளையாடினாள். பாட்டியைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். இவளுடைய அம்மா வரவில்லையா என்று கேட்டேன். மாப்பிள்ளையின் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இல்லை என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்தக் குழந்தையை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த வீட்டுக்கே போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. உள்ளதைத்தான் சொல்கிறேன்.

மலையடிவாரத்தில் வேனை நிறுத்திவிட்டு மாமா இறங்கிப் போனார். ஒரு டீக்கடையில் ஏதோ பேசிவிட்டு வந்தார். இன்றைக்கு ரோப்வே பந்த், ஓடாது, ரிப்பேராம், படி வழியாகத்தான் போக வேண்டும் என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன். கறுப்புக் கல்படிகள் வளைந்து வளைந்து, மேலே மேகத்துக்குள் போய் மறைந்தன. அப்படியானால் கீழேயே உட்கார்ந்து பேசலாமே என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். வயசுப் பிள்ளைகள் அரை மணியில் ஏறிவிடும், இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போவதா என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். அதற்குமேல் பேசினால் சந்தேகம் வரும். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

"பைய ஏறு. நின்னு நின்னு ஏறு. வாயத் தொறக்காத."

வாயைத் திறக்காதே என்றால் பேசாதே என்று மட்டும் அர்த்தமில்லை. வாயால் மூச்சு விடாதே என்பதும் அதில் சேர்த்தி.

ஏறினேன். முதல் வளைவு வரை பரவாயில்லை. செருப்புவாரைச் சரி செய்கிற மாதிரி குனிந்து குனிந்து நின்றேன். பூவைப் பார்க்கிற மாதிரி நின்றேன், குரங்கைப் பார்க்கிற மாதிரி நின்றேன். எத்தனை தடவைதான் ஒரு குரங்கைப் பார்ப்பது? மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு விசில் அடித்தபடி முன்னால் போனார். அவருடைய அம்மா என் பக்கத்திலேயே வந்தார். நான் நின்றால் அவரும் நின்றார். அன்பான மனுஷி என்று நினைத்தேன். என் வேலை என்ன, எப்போது தூங்குவேன், என்ன சாப்பிடுவேன் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னேன். பிறகு அந்த ஒரு வார்த்தையும் வரவில்லை.

நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. காதுக்குள் பிரஷர் குக்கர் இரைந்தது. வலது பக்கம் பள்ளம், கீழே வயல்களும் ஓடையும் வெயிலில் கிடந்தன. எல்லோரும் ஆசைப்பட்டுப் பார்க்க வருகிற காட்சி அது. எனக்கு அது இரண்டு இரண்டாகத் தெரிந்தது. இங்கேயே செத்துப்போனால் அம்மா இவர்களிடம் என்ன சொல்லிச் சமாளிப்பாள் என்ற யோசனைதான் வந்தது. சிரிப்புகூட வந்தது. அடுத்த படியில் கால் வைக்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். குடிக்கும்போது பாதி வெளியே வழிந்தது. தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். துடைத்த கை நின்றது. முந்தானையில் கருஞ்சிவப்பு ஒட்டியிருந்தது. என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பின்னால் வந்து சேர்ந்த அம்மா பதறிப்போய்க் குறுக்கே புகுந்தாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்துவிட்டாள், பசி மயக்கம், வேறு ஒன்றும் இல்லை என்றாள். அதையே திரும்பவும் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் குழந்தை, மேலே இருந்த வளைவிலிருந்து கையை நீட்டிக் கத்தினாள்.

"அம்மா, அங்க பாரு, டப்பா பறக்குது!"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். மலையின் அந்தப் பக்கத்தில் கம்பியில் தொங்கிக்கொண்டு, சின்னச் சின்னப் பெட்டிகள் மேலே போய்க்கொண்டிருந்தன. ஒரு பெட்டியிலிருந்து யாரோ எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். குழந்தையும் கையாட்டினாள். மாப்பிள்ளை அவளைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ரோப்வே ஓடுதே, அத்தை," என்றேன்.

"ஓடுது," என்றார் அவர்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆடு மாடு வாங்குகிறவர்கள்கூட நாலு எட்டு நடத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். இவர்கள் மலையையே ஏற்றிப் பார்க்கிறார்கள். கத்தியிருப்பேன், மூச்சு இல்லை. இருந்த மூச்சில் எதைச் சொல்ல முடியுமோ அதைச் சொன்னேன்.

"பசி இல்ல அத்தை. எனக்கு நெஞ்சுல வால்வு சுருங்கிக் கெடக்கு. இப்படியே புள்ள உண்டானா பொழைக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிருக்காவ. எங்கம்மாவுக்கும் தெரியும்."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். குழந்தைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இவ அம்மைக்கும் இப்படித்தான் என்னமோ இருந்திருக்கு. அவ வீட்டுல மறைச்சுட்டாவ. இவ பொறந்த அன்னைக்கே போய்ட்டா. மூச்சு முட்டி மூச்சு முட்டி என் கையப் பிடிச்சுக்கிட்டே போனா, புள்ள." பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார். "நீ மொதல்ல அந்த வால்வப் பாரு. கல்யாணம் கெடக்கட்டும்."

ஆத்திரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த மனுஷியைத் திட்டவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதால் எனக்கு இன்னும் இளைக்கும். அதனால் அதையும் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது.

உச்சிக்கு யாரும் போகவில்லை. என் மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, மெதுவாக இறக்கிக் கூட்டிவந்தார்கள். மாப்பிள்ளை எலுமிச்சை சர்பத் வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். வேனில் குழந்தை திரும்பவும் என் மடிக்கு வந்தாள். பாட்டி அவளைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தாராவி மெயின் ரோட்டில் எங்களை இறக்கிவிட்டுப் போனார்கள்.

சந்துக்குள் நுழையும்போது பக்கத்து வீட்டுக்காரி எங்கே போய்வந்தீர்கள் என்று கேட்டாள். சும்மா சுற்றிப் பார்க்கத்தான், மேலேயிருந்து பார்த்தால் அவ்வளவு அழகாக இருக்கிறது என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டினால்கூடப் பதிலுக்கு ஒரு வார்த்தை கேட்கலாம் என்று நினைத்தேன். நான் செத்தாலும் உனக்குப் பரவாயில்லையா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அம்மா புடவையை மாற்றினாள். அடுப்பைத் துடைத்தாள். பொட்டுக்கடலையை எடுத்து மிக்ஸி ஜாரில் போட்டாள். என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். குரலில் கோபமே இல்லை. அசந்துபோன குரல்.

"அடுத்த தடவ மாட்டுங்கா கோயில்லயே வச்சுக்கிடலாம், என்ன. அங்க தரை சமமா இருக்கும்."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். பாதி ஏணியில் இளைக்க ஆரம்பித்தது. அந்தச் சின்ன வீட்டில் அது கீழே நன்றாகவே கேட்கும். அம்மா மிக்ஸியைப் போட்டாள்.