வீட்டில் எத்தனை பேர்? நேபாளக் காடும் மொன்றியல் சாப்பாட்டு மேசையும்

நேபாளக் காடுகளைப் பற்றி எழுதக் கனடாவின் மொன்றியலுக்குப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். நேபாளத்தில் சில மலைச்சரிவுகளில் மரங்கள் மறுபடி அடர்ந்திருக்கின்றன. ஏன் என்று செயற்கைக்கோள் படம் சொல்லாது. வீடுவீடாக எடுத்த கணக்கெடுப்பிலிருந்து அதைக் கண்டறிய முயல்பவர் சுகந்தி; மொன்றியலில் ஆய்வாளர், யாழ்ப்பாணத்துக்காரர். அக்டோபரில், அவர் ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று நாள் இருந்தபோது போய்ச் சேர்ந்தேன்.

விமான நிலையம் டோர்வலில், அவர் வீடு பியர்பொன்ட்ஸில். ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் மாறிப் போக ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சில்லறை சரியாக வைத்திருங்கள், மீதி தரமாட்டார்கள்.

ஒவ்வொரு நேபாள வீடும் எரித்த விறகை அந்த வீட்டு ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார் சுகந்தி. ஆளொன்றுக்கான விறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்திருந்தது. "சனம் காஸ் அடுப்புக்கு மாறீட்டுது. அதாலதான் காடு தப்பிச்சுது, அண்ணை."

எனக்குக் குழப்பம். ஏப்ரலில் அவர் கணக்கெடுத்த மாவட்டத்துக்கு நானும் போயிருந்தேன்; நுழைந்த சமையலறைகளில் எல்லாம் விறகுதான் எரிந்தது என்றேன்.

"நீங்கள் போனது நாலு வீடு. என்னட்ட இருக்கிறது முழு மாவட்டம்," என்றார்.

சாப்பிட உட்கார்ந்தோம். பேச்சுக்காகக் கேட்டேன்: "உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பேர்?"

"ஆறு பேர்."

மேசையில் அவர், கணவர் கிருபா, மகள், நான்.

கிருபா சிரித்தார். "மகன் வான்கூவர்ல. அம்மா லவால்ல அக்காவோட. இவவின்ர தம்பி ரொறொன்ரோ போய் ஒன்பது வருசம். இவவின்ர கணக்கில அவன் இப்பவும் இஞ்சதான் தின்னுறான்!"

"அவன் எங்கட வீட்டுப் பிள்ளைதானே," என்ற சுகந்தி, கரண்டியைக் கீழே வைத்தார். "நேபாளத்திலயும் இப்பிடித்தான் சொல்லியிருப்பினமோ?"

கத்தாருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போன மகன்களை வீட்டார் சேர்த்துச் சொல்லியிருந்தால், வகுத்த எண்ணே தவறு; அங்கே இல்லாதவர்களுக்கும் பங்கிட்டதால்தான் ஆளொன்றுக்கான விறகு குறைந்து தெரிந்திருக்கும். அடுப்பு மாறியிருக்க வேண்டியதில்லை. வெட்ட ஆளில்லாமலும் காடு வளர்ந்திருக்கலாம்.

சுகந்தி சாப்பாட்டை விட்டுக் கணக்கெடுப்பின் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தார். யார் உண்மையில் அங்கே தங்கியிருந்தார்கள் என்ற கேள்வியே அதில் இல்லை.

"திங்கக்கிழமை குடுக்க வேணுமெல்லே?" என்றார் கிருபா.

"குடுக்கேலாது."

மறுநாள், நேபாளத்தில் கணக்கெடுத்தவர்களில் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தோம். சில வீடுகளில் வெளிநாடு போனவர்களையும் சேர்த்தார்களாம், சிலவற்றில் இல்லையாம். எவை என்று அவருக்கும் நினைவில்லை.

சுகந்தி வசந்தகாலம் வரை அவகாசம் வாங்கியிருக்கிறார். என் கட்டுரையையும் நிறுத்திவைத்தேன். மலைக்கிராமங்களில் விசாரிக்கப் போகிறவர்கள், நேற்றிரவு இங்கே எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அக்டோபரில் மொன்றியல் போகிறவர்கள் தடித்த கோட்டு கொண்டுபோங்கள். காடு வளர்ந்திருக்கிறது. ஏன் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.