பழைய வரைபடத்தின் ஊர்கள்

அந்த ரோட்டுக்கு நான் ஒரு நாளும் போனதில்லை. ஆனால் அதன் வரலாறு எனக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கார் போவதற்கென்று முதன்முதலில் திட்டமிட்ட ரோட்டு அது. யூட்டாவிலும் நெவாடாவிலும் பாலைவனத்துக்குள்ளால் போனது. ஆசைப்பட்டுப் படித்தேன் என்று நினைக்க வேண்டாம். என் மாமி, என் கணவருடைய அம்மா, சாகக் கிடந்தபோது வேறு வழி தெரியாமல் படித்தேன்.

ஊரில் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சில வருடங்களில் ஒன்று. நாங்கள் மொன்றியலில் கார்ட்டியர்வில் பக்கம் குடியிருந்தோம். நான் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி அடுக்கினேன், அவர் ட்ரக் ஓட்டினார். அந்த முறை நெவாடாவில் ஒரு சுரங்கத்துக்கு இயந்திரச் சாமான் கொண்டு போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய தங்கச்சி, என் மச்சாள், யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தாள். மாமிக்கு நெஞ்சு வருத்தம், ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறதாம்.

"வடிவாக் கதைக்கிறா அண்ணி. தம்பி எடுத்தவனோ, தம்பி எடுத்தவனோ எண்டு அண்ணையைப் பற்றி அதே கேள்விதான். அண்ணையை ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்கோ."

எங்கள் வீட்டுப் போனில் மூன்று பேரை இணைக்கலாம். அவர் எடுக்கும்போது ஒரு பொத்தானை அமத்தினால் தாயும் மகனும் கதைத்திருப்பார்கள். நான் அதைச் செய்யாமல் என் அண்ணையிடம் யோசனை கேட்டேன். அவர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து காரில் வந்து, சப்பாத்தைக் கழற்ற முதலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஓடுறவனுக்கு உதைச் சொல்லாத பிள்ளை. சனமில்லாத ரோட்டில அழுதழுது ஓடி எங்கையேன் கொண்டுபோய் அடிச்சானெண்டால்? வரட்டும். வந்து சாப்பிட்ட பிறகு சொல்லுவம்."

எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். வழியில் நிற்பவனுக்குக் கெட்ட செய்தி சொல்ல மாட்டோம். வந்து, குளித்து, ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் மெல்லத் தொடங்குவோம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மத்தியானம் ட்ரக்கிலிருந்து அவர் எடுத்தார். "இனிப் பாலைவனம், சிக்னல் இருக்காது. ரெண்டு நாளால எடுக்கிறன். அம்மா எப்பிடியாம்?"

"அவ சுகமா இருக்கிறா," என்றேன். என் வாய் கொஞ்சம்கூடக் கூசவில்லை.

புதன் விடிய மச்சாள் அழுதுகொண்டு எடுத்தாள். பேச்சுக் குறைந்துவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ என்று டொக்டர் சொல்லிவிட்டார், தன் அண்ணையின் குரலை அம்மா காதில் கேட்டால் காணும் என்றாள். என் அண்ணைக்குச் சொன்னேன். "அப்பிடியெண்டால் சொல்லத்தான் வேணும்," என்றார், ஏதோ நான்தான் மறைத்தவள் போல. என் கணவருடைய செல்போனுக்கு இருபது தரமாவது எடுத்திருப்பேன். ஒவ்வொரு முறையும் பதிவு செய்த குரல்தான் வந்தது. கம்பனிக்காரருக்குச் சுரங்கத்தின் பெயரும் ரோட்டின் இலக்கமும் மட்டும்தான் தெரியும். சுரங்கத்தில் யாரும் போனை எடுக்கவில்லை.

நாலு வயது மகளைப் பிள்ளைகள் காப்பகமான கார்டரியில் விட்டுவிட்டு, வேலைக்குப் போகாமல் நூலகத்துக்கு ஓடினேன். அந்த ரோட்டில் என்னென்ன ஊர்கள் இருக்கின்றன என்று தெரிந்தால் அங்கே யாருக்காவது போன் எடுக்கலாமே. அங்கிருந்த பெண் தேடித் தேடி, பிரெஞ்சில் ஒரு பெரிய படப் புத்தகத்தைக் கொண்டு வந்தாள். அந்தப் பழைய ரோட்டின் வரலாறு. இப்போதைய ரோட்டும் பெரும்பாலும் அதே தடத்தில்தான் போகிறது என்றாள்.

அகராதியை வைத்துக்கொண்டு பைத்தியக்காரி மாதிரி வாசித்தேன். ரோட்டு என்று பெயர்தானாம், பாலைவனத்தில் வெறும் சக்கரத் தடம். கம்பங்களில் நிறம் பூசி வழி காட்டியிருந்தார்கள். கார் புதைந்தால் பற்றைகளைக் கொளுத்திவிட்டுக் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். தூரத்துப் பண்ணைக்காரன் புகையைக் கண்டு குதிரைகளோடு வருவானாம். ஒரு மாநிலம் தன் பக்கத்துக் குறுக்கு வழியைப் பாதி போட்டபின் கைவிட்டுவிட்டது. அந்த வழியால் போனால் பயணிகள் தன் எல்லையைச் சுருக்காகத் தாண்டிவிடுவார்கள் என்று அதற்குக் கவலை. போகிறவனை ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணையும் நானும் செய்ததும் அதுதானே.

கடைசிப் பக்கத்தில் வரைபடம் இருந்தது. பதினொரு ஊர்களின் பெயரை எழுதிக்கொண்டு வந்து தொலைபேசி விசாரணைக்கு எடுத்தேன். முதல் பெயருக்கு அப்படி ஒரு ஊரே இல்லை என்றார்கள். இரண்டாவதும் இல்லை, மூன்றாவதும் இல்லை. தண்ணீர்க் கிணற்றையும் குதிரை லாயத்தையும் நம்பி இருந்த ஊர்கள், எப்போதோ அழிந்து போயிருந்தன. நான் செத்த ஊர்களுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி எட்டாவது பெயரை மூன்று தரம் எழுத்துக் கூட்டச் சொன்னாள். அதற்கிடையில் மச்சாள் மறுபடி எடுத்தாள். மாமி கண்ணைத் திறக்கிறா, மூடுகிறா என்றாள்.

ஒன்பதாவது ஊர் உயிரோடு இருந்தது. சுரங்கத்துக்குத் திரும்பும் சந்தியில் கடை வைத்திருந்த ஒரு பெண் எடுத்தாள். ட்ரக்கின் நிறத்தையும் கியூபெக் இலக்கத்தகட்டையும் சொன்னேன். அந்த ரோட்டால் போகிற எல்லோரும் தன் கடையில்தான் நிற்பார்கள், கண்டால் சொல்கிறேன் என்றாள். பிறகு ஆங்கிலத்தில், ஏதும் அவசரமா என்று கேட்டாள்.

அவசரம் என்றால் பயந்துபோய் ட்ரக்கை வேகமாக மிதிப்பாரே. "அவசரம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு ஒருக்கால் எடுக்கச் சொன்னால் போதும்," என்றேன்.

நல்ல பெண், சொன்னதைச் சொன்னபடியே சொல்லியிருக்கிறாள். ஒரு மணித்தியாலத்துக்குள் அவர் அங்கே கோப்பி குடிக்க நின்றிருக்கிறார். அவசரமில்லைத்தானே, வீட்டுக்கு என்ன சாமான் வேண்டும் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். சுரங்கத்துக்குப் போய், வரிசையில் நின்று, சாமானை இறக்கிவிட்டு, திரும்பி வந்து கடைப் போனிலிருந்து எடுத்தார். மாமியின் உயிர் போய் இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது.

"என்னப்பா, தேடினீராம்? அம்மா சுகமோ?"

இனி மொன்றியலுக்கு நாலு நாள் ஓட்டம். "சுகம்," என்றேன். அடுத்த நாள் தானே அம்மாவுக்கு எடுக்கப் போவதாகச் சொன்னார். அங்கே லைன் பழுது என்றேன். வெள்ளிக்கிழமை ஊரில் மாமியை எரித்தார்கள். அன்று அவர் எங்கேயோ ஒரு ஊரிலிருந்து எடுத்து, அம்மாவை அடுத்த வருடம் இங்கே கூப்பிட வேணும் என்று உற்சாகமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். நானும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நாலு நாளும் நான் பட்ட பாட்டை எதிரிகூடப் படக்கூடாது.

ஞாயிறு வந்தார். குளித்தார். சாப்பாடு போட்டேன். கை கழுவிய பிறகு சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "செவ்வாய்க்கிழமை நான் எடுக்கேக்க அம்மா கதைச்சவவோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்," என்றேன்.

பேந்தும் பல வருடம் ட்ரக் ஓட்டினார். எங்கிருந்தாலும் நாள் தவறாமல் எடுப்பார். எல்லோரும் சுகம் என்று நான் சொல்வேன். "சரி, பிள்ளையிட்டைப் போனைக் குடும், அவளிட்டையும் கேக்கிறன்," என்பார்.