சுவீடன் ஏரிக்கரையில் அடைத்த ஜன்னல்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, சுவீடனில் இருக்கும் மகளோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார்.

மகளும் மருமகனும் வேனையே வீடாக்கிக்கொண்டு ஏரி ஏரியாகச் சுற்றுகிறார்களாம். குளிர் தாங்காமல் ஜன்னலை எல்லாம் அடைத்து, உள்ளே கேஸ் அடுப்பைப் பற்றவைத்திருந்தார்கள்.

"தலை நோவுதும்மா. இவரு எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டீங்கறாரு."

அக்கா பதறிவிட்டார். "அடுப்புல வந்த விஷவாயு உள்ளயே அடைஞ்சுருச்சு! அடுப்ப அணைச்சுட்டுக் கதவத் தொற சாமி! அவர வெளிய இழுத்துப் போடு!"

இணைப்பு அறுந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வெகுநேரம் கழித்துப் போன் அடித்தது. "வெளிய வந்துட்டோம்மா. அவரு கண்ணு முழிச்சுட்டாரு."

"ஆஸ்பத்திரிக்குப் போங்க சாமி. குளுருதுன்னு மறுபடி உள்ள போயிராதீங்க."

புதுச்சத்திரத்தில் இறங்க வேண்டிய நான் நாமக்கல் போய்ச் சேர்ந்தேன். நீங்களாக இருந்தால் நடுவில் இறங்கியிருப்பீர்களா?