கூலிக்குப் போட்ட விதை

எங்க தெருவுல வூட்டுத் தோட்டத்துக்கு விதை போடறதுன்னா சும்மா யாரும் போட்டுட முடியாது. மொத விதையைக் கைராசிக்காரங்கதான் போடணும். ஒரு காலத்துல அந்தக் கைராசிக்காரி நான்தான். புரட்டாசி பொறந்து நாலு தூறல் விழுந்தா போதும், "செத்த வந்துட்டுப் போங்க, முள்ளங்கி போடணும்"னு ஆள் வந்துடும். நானும் தலையை வாரிப் பூ வெச்சுக்கிட்டுப் போய், மூணு விரல்ல நாலு விதையை எடுத்துப் போட்டுட்டு, காபியைக் குடிச்சுட்டு வருவேன். மண்ணைக் கொத்துனது அவங்க, எருவைக் கொட்டுனது அவங்க, தண்ணி விட்டது அவங்க. வெளைஞ்சா பேரு மட்டும் எனக்கு. வெளையலைன்னா பழி எலி மேல. இப்படி ஒரு உத்தியோகம் கலெக்டருக்குக்கூடக் கெடைக்காது.

அந்த உத்தியோகம் என் வூட்டுக்காரர் செத்த அன்னிக்கே போயிடுச்சு. மாரடைப்பு வந்தது அவருக்கு, ராசி போனது என் கைக்கு. யாரும் வந்து சொல்லல. அடுத்த புரட்டாசியில யாரும் கூப்பிடல, அவ்வளவுதான். புருஷன் இல்லாதவ கை பட்டா விதை மொளைக்காதாம். எனக்குப் புருஷன் இருக்கானா இல்லியான்னு முள்ளங்கி விதைக்கு யாரு போய்ச் சொன்னாங்கன்னு நான் கேக்கல. கேட்டா, பாவம் துக்கத்துல பேசறான்னு சொல்லுவாங்க. அதே கை தக்காளி பறிக்கலாம், பெட்டி தூக்கலாம், கல்யாண வூட்டுல மூட்டை மூட்டையா வெங்காயம் உரிக்கலாம். அதுக்கெல்லாம் எவளும் ராசி பாக்கறதில்ல.

ஊர்க்காரங்க கூப்பிடாதது போய்த் தொலையுதுன்னு விட்டுட்டேன். எங்க வூட்டுப் புழக்கடைதான் நெஞ்சுல குத்துச்சு. எங்க வூடும் என் வூட்டுக்காரரோட அண்ணன், எங்க மூத்தார் வூடும் ஒட்டுன வூடு. நடுவுல ஒத்தச் சுவரு, பின்னால ரெண்டு வூட்டுக்கும் பொதுவா ஒரு புழக்கடை. கல்யாணமாகி வந்த வருஷத்துலேர்ந்து அதுல மொத விதை நான்தான் போடுவேன். முள்ளங்கி, பீன்ஸ், கத்திரி, கொத்தமல்லி, என்னத்தைப் போட்டாலும் ரெண்டு வூட்டுக்கும் தை மாசம் வரைக்கும் காய் வாங்கற வேலை இருக்காது. அவரு போன அடுத்த வருஷமும் வழக்கம் போல விதைப் பொட்டலத்தை எடுத்துக்கிட்டுப் போனேன். மூத்தார் சம்சாரம், என் ஓரகத்தி, கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

"நீ இரு கண்ணு. எங்க மருமவ போடட்டும். சின்னப் பொண்ணு, ஆசைப்படறா."

அவங்க மருமவளுக்குப் பெங்களூருல கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அப்ப வூட்டுல இருந்தே வேலை பாத்துக்கிட்டிருந்தா. ஆசையுமில்ல ஒண்ணுமில்ல, ஹெட்போனைக் கழட்டறதுக்குள்ள இழுத்துட்டு வந்து நிறுத்தியிருந்தாங்க. "எவ்வளவு ஆழம் போடணும் சின்னத்தை?"ன்னு என்னைப் பாத்துக் கேட்டா. நல்ல பொண்ணு. என் கைக்குத்தான் தடை, வாய்க்கும் உண்டான்னு தெரியாததால ஒண்ணும் பேசாம உள்ள வந்துட்டேன். உள்ள வந்து அழுதேன். அவரு போனப்போ என்கூட ஊரே அழுதுச்சு. இதுக்கு நான் ஒருத்திதான் அழுதேன்.

அழுதா சோறு வருமா. மாரண்டஹள்ளி ரோட்டு மேல ஒரு நாத்து நர்சரி இருக்கு, அங்க வேலைக்குப் போனேன். எங்க பக்கம் தக்காளி நடற யாரும் இப்ப சொந்தமா நாத்து விடறதில்ல. நர்சரியில தட்டுத் தட்டா வாங்கிட்டுப் போய் நட்டுடறாங்க. கறுப்பு பிளாஸ்டிக் தட்டு, முழுக்கக் குட்டிக் குட்டிக் குழி. குழியில தேங்கா நார்த்தூளை ரொப்பி, விரலால லேசா அமுக்கி, குழிக்கு ஒரு விதை போடணும். அதான் வேலை. காலையில உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் விதை, விதை, விதைதான்.

மொத நாள் ஒவ்வொரு குழியையும் ரெண்டு தடவை பாத்துப் பாத்துப் போட்டேன். வெளியில ஊரையெல்லாம் கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தேனே தவிர, உள்ளுக்குள்ள நானும் பயந்துதான் போயிருந்தேன். ஒருவேளை நெசமா இருந்தா என்ன பண்றது? போட்ட தட்டுகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சாங்க. அதைப் பிரிக்கற அன்னிக்கு இருக்கற சாமியெல்லாம் கும்புட்டுட்டுப் போனேன். பிரிச்சுப் பாத்தா குழிக்குக் குழி வெள்ளையா, முதுகை வளைச்சுக்கிட்டு மொளைச்சு நிக்குது.

பக்கத்துல நின்ன அக்காகிட்ட, "என் தட்டு மொளைச்சிருச்சு"ன்னேன். அவங்க கன்னடம் பேசறவங்க, பல வருஷமா அங்க வேலை பாக்கறவங்க.

"வெதையைப் போட்டா மொளைக்காம என்ன பண்ணும்?"னு கேட்டுட்டு அடுத்த தட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

அந்த அக்காவுக்கும் புருஷன் இல்ல. நர்சரியில வெயிலுக்குக் கட்டியிருக்கற பச்சை வலைக்கு அடியில விதை போடற பொம்பளைங்க பாதிப் பேரு அப்படித்தான். ஆம்பளை சம்பாத்தியம் ஒழுங்கா வந்தா அந்த வெக்கையில எவ வந்து உக்காருவா. ஆக, சுத்துவட்டாரத்துல காட்டுக்குக் காடு நிக்கற தக்காளியில பாதி, தாலியறுத்தவ போட்ட விதை. அதைக் கொண்டு போய், கற்பூரம் கொளுத்தி, தேங்கா ஒடைச்சு, மஞ்சக் கயிறு போட்டவ கையாப் பாத்து மொத நாத்தை நட வெக்கறாங்க. அந்தக் கற்பூரத்துக்கே சிரிப்பு வந்திருக்கும்.

போன புரட்டாசியில எங்க மூத்தாரும் அவரு காட்டுக்குத் தக்காளி நாத்து வாங்க வந்தாரு. வரிசை வரிசையாக் குனிஞ்சு பாத்தாரு, ஒரு நாத்தை உருவி வேரைப் பாத்தாரு. "இது திடமா இருக்கு, இதையே ஏத்துங்க"ன்னாரு. அது நான் விதை போட்ட வரிசை. என் வாய் சும்மா இருக்குமா.

"மாமா, அது நான் போட்டதுங்க. பரவாயில்லைங்களா? வேணும்னா வேற வரிசை காட்டச் சொல்றேன்."

கோவப்படுவாருன்னு நெனச்சேன். அவரு ரொம்பச் சாதாரணமா, "கூலிக்குப் போட்டா தோஷமில்லம்மா. அது வேலை"ன்னு சொல்லிட்டு, டெம்போவுல தட்டு அடுக்கறதைப் பாக்கப் போயிட்டாரு.

எந்தப் பஞ்சாங்கத்துல இப்படிப் போட்டிருக்குன்னு எனக்குத் தெரியல. கூலி வாங்கிட்டுப் போட்டா சுத்தம், உரிமையோட போட்டா தோஷம். யாரு எழுதுனாங்களோ, காட்டு வேலைக்கு ஆள் கெடைக்கணுமேன்னு நல்லா யோசிச்சு எழுதியிருக்காங்க.

அதே மாசத்துல புழக்கடையிலயும் மருமவ விதை போட்டிருந்தா. விரல் ஆழத்துக்குப் பொதைச்சு, குடம் குடமாத் தண்ணி ஊத்தி, அத்தனையும் மண்ணுக்குள்ளயே அழுகிப் போச்சு. ஓரகத்தி எலியைத் திட்டுனாங்க. அதுக்குள்ள கம்பெனியில கூப்பிட்டுட்டாங்கன்னு மருமவ பெங்களூருக்குப் போயிட்டா. ஓரகத்திக்கு முழங்கால்ல ஆபரேஷன், குத்துக்கால் போட்டு உக்கார முடியாது. வானம் வேற கறுத்துக்கிட்டே வருது. ஐப்பசி மழை புடிச்சுக்கிச்சுன்னா அப்புறம் மண்ணுல கை வெக்க முடியாது. ஒரு ஞாயித்துக்கிழமை நான் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். விதைப் பொட்டலத்தோட வந்து பக்கத்துல நின்னாங்க.

"கண்ணு, இந்த முள்ளங்கியும் பீன்ஸும் மட்டும் போட்டுக் குடேன். மருமவளும் இல்ல பாரு."

இதுக்குன்னே காத்துக்கிட்டிருந்த மாதிரி நாக்கு நீண்டுருச்சு. "போடறேங்க்கா. கூலி குடுங்க. சும்மா போட்டாத்தான் தோஷமாம், மாமா சொன்னாரு."

குத்தலாத்தான் சொன்னேன். அவங்க மூஞ்சி சுருங்கும், ரெண்டு வார்த்தை தடிக்கும், அந்தச் சாக்குல மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டிடலாம்னு இருந்தேன். மூஞ்சி சுருங்கல, தெளிஞ்சுது. "ஆமா கண்ணு, அதான் சரி. எனக்குத் தோணவே இல்ல பாரு"ன்னு சொல்லிட்டு, காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்து உள்ள போய், ரூவாயை எடுத்துட்டு வந்து நீட்டுனாங்க. அப்படி ஒரு நிம்மதி அவங்களுக்கு. என்கிட்டக் கேக்கணும்னு அவங்களுக்கும் இருந்திருக்கு போல, எப்படின்னு தெரியாமத்தான் இருந்திருக்காங்க. நான் குத்துனதை அவங்க யோசனை சொன்னதா எடுத்துக்கிட்டாங்க.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. நான் வாழ வந்த வூட்டுல, நானும் என் வூட்டுக்காரரும் கல்லு பொறுக்கிச் சீர் பண்ண மண்ணுல, கூலி ஆளா எறங்கச் சொல்லி ரூவா நீட்டறாங்க. அதுவும் பாசமா நீட்டறாங்க. கெட்ட எண்ணத்துல நீட்டியிருந்தா வாங்கி மூஞ்சியில வீசியிருப்பேன். பாசமா நீட்டுனா எங்க போய் வீசறது?

ரூவாயைத் தொடல. பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கிட்டேன். பொடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு உக்காந்து, பாத்தியில கோடு கிழிச்சு, முள்ளங்கியைத் தூவி மண்ணைத் தள்ளி மூடுனேன். பீன்ஸை ஒண்ணொண்ணா ஊனுனேன். நல்ல பட்டப்பகல். எதுத்த மாடியில துணி எடுக்க வந்தவ அப்படியே நின்னு பாத்துக்கிட்டிருந்தா. நல்லாப் பாத்துக்கட்டும்னு நானும் மெதுவாத்தான் போட்டேன். ஓரகத்தி நீட்டுன கையை மடக்காம என் பின்னாலயே வந்தாங்க. அடுத்த பாத்திக்குப் போனா அங்கயும் வந்தாங்க. கடைசிக் கோட்டுக்கு வந்தப்போ அவங்க கொரலே எறங்கிப் போயிருந்துச்சு.

"வாங்கிக்க கண்ணு. வாங்கலைன்னா அது நீ போட்டதா ஆயிடும்."

"நான் போட்டதுதாங்க்கா"ன்னேன்.